வாணிக வாகை: பழைய போர்நூல்களும் ஒரகடத்துத் தொழிற்சாலைகளும்

மேலாண்மைப் பயிற்சி வகுப்புகளில் படைத்தலைவர்களுக்கு எப்போதும் ஓர் இருக்கை உண்டு. சீனத்துச் சுன் சூ வருவார், மகதத்துச் சாணக்கியர் வருவார், அண்மைக் காலமாகத் திருவள்ளுவரையும் அழைத்து வருகிறார்கள். சந்தைதான் போர்க்களம், போட்டி நிறுவனம்தான் பகைவன், விற்பனைப் பிரிவுதான் முன்னணிப்படை என்று பாடம் நடக்கும். அதே பாடம் தன்னம்பிக்கை நூல்களாகவும் விற்கிறது. கேட்பவர்களுக்கு வீரம் ஏறுவது உண்மை. அந்தப் பாடம் பலித்ததா, பலித்தது என்றால் அதில் எந்தப் பகுதி பலித்தது என்று சோதித்துப் பார்ப்பவர்கள் குறைவு.

சோதிக்க ஏற்ற இடம் சென்னைக்கு மேற்கே இருக்கிறது. இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம், வல்லம் வடகால், ஒரகடம் என்று தொடரும் சிப்காட் வளாகங்களில் கார், லாரி, மோட்டார் சைக்கிள், டயர், கண்ணாடி, செல்போன், ஃபிரிட்ஜ் எல்லாம் உருவாகின்றன. முப்பது ஆண்டுகளுக்குள் சிலர் வந்து நிலைத்தார்கள், சிலர் வந்து விழுந்தார்கள், சிலர் போய்த் திரும்பி வந்தார்கள். இந்த வரலாற்றைப் போர்நூல்களுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று புலப்படுகிறது. பகைவனை வெல்வது பற்றி அந்நூல்கள் சொன்னவற்றைவிட, தன் வலிமை, தன் சோறு, தன் வழி, தன் ஆட்கள் பற்றி அவை சொன்னவைதான் இங்கே மெய்யாகியிருக்கின்றன.

நூல்கள் அலுவலகத்துக்கு வந்த வழி

சுன் சூவின் பதின்மூன்று அதிகாரங்களை ஐரோப்பா முதலில் அறிந்தது 1772-ல், அமியோ என்ற இயேசு சபைப் பாதிரியாரின் பிரெஞ்சு மொழிபெயர்ப்பில். லயனல் ஜைல்ஸின் ஆங்கில மொழிபெயர்ப்பு 1910-ல் வந்தது. ஏறத்தாழ அதே காலத்தில்தான் சாணக்கியரின் அர்த்தசாஸ்திரமும் வெளிச்சத்துக்கு வந்தது. மைசூர் கீழ்த்திசை நூலகத்தில் கிடைத்த சுவடியை ஆர். சாமசாஸ்திரி 1909-ல் அச்சேற்றினார். இரண்டையும் தொழில் உலகம் கையிலெடுத்தது இன்னும் பிற்பாடுதான். அமெரிக்காவில் அல் ரீஸ், ஜாக் ட்ரவுட் இருவரும் சந்தைப்படுத்தலைப் போராகவே வருணித்து 1986-ல் நூல் எழுதினார்கள். இந்தியாவில் ராதாகிருஷ்ணன் பிள்ளையின் ‘கார்ப்பரேட் சாணக்யா’ 2010-ல் வந்தது.

இந்த வரிசையில் கார் தொழிலுக்கு நெருக்கமானவர் ஃபிரெடரிக் லான்செஸ்டர். இங்கிலாந்தில் தொடக்கக் காலக் கார்களை வடிவமைத்த பொறியாளர் அவர். முதல் உலகப் போரின் நடுவே, 1916-ல், வான்படை பற்றி எழுதிய நூலில் ஒரு கணக்கைப் போட்டார். எட்டி நின்று சுடும் ஆயுதங்களோடு இரு படைகள் மோதினால், ஒரு படையின் வலிமை அதன் எண்ணிக்கையின் வர்க்கத்துக்கு ஏற்ப உயரும் என்பது அதன் சாரம். படையைப் பிரிக்காமல் ஓரிடத்தில் குவித்தால் கிடைக்கும் பலன் நாம் நினைப்பதைவிடப் பெரியது என்று ஆகிறது. ஜப்பானில் நொபுவோ தவோகா இதை விற்பனை உத்தியாக மாற்றினார். கார் பொறியாளர் போட்ட போர்க் கணக்கு இப்படிக் கடைத்தெருவுக்கு வந்து சேர்ந்தது.

தமிழுக்கு இந்த வழி தேவைப்படவில்லை. தொல்காப்பியப் புறத்திணையியல் போர் உள்ளிட்ட புறவாழ்வை ஏழு திணைகளாக வகுத்தது. வெட்சியில் ஆநிரை கவர்வதும் உழிஞையில் மதில் முற்றுகையும் தும்பையில் நேர்ப்போரும் வரும். வெற்றிக்குரிய வாகைக்கு வந்ததும் தொல்காப்பியர் களத்தைவிட்டு வெளியே நடக்கிறார். அவரவர் தத்தம் தொழிலில் குற்றமில்லாமல் மேம்படுவதே வாகை என்று அதன் எல்லையை விரிக்கிறார். பின்னால் வந்த புறப்பொருள் வெண்பாமாலை, அரச வாகையோடு வாணிக வாகை, வேளாண் வாகை என்றும் துறைகளே அமைத்துவிட்டது. போரின் இலக்கணத்தை வாழ்க்கைக்கும் வணிகத்துக்கும் பொருத்துவது நம்மிடம் பழைய வேலை. ஆனால் பொருத்திய விதம் வேறு. வாணிக வாகைக்கு எதிரே தோற்றவன் ஒருவன் விழுந்து கிடக்கத் தேவையில்லை.

இந்த மண் கண்ட போர்கள்

தொழிற்சாலைகள் நிற்கும் இந்த நிலம் காஞ்சிபுரத்துக்கும் கடற்கரைக்கும் நடுவே கிடக்கும் சமவெளி. படைகள் நடந்த வழியும் இதுதான். ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சாளுக்கிய மன்னன் இரண்டாம் புலிகேசி காஞ்சியை நோக்கி வந்தான். 634-35-ல் பொறித்த ஐகொளெ கல்வெட்டு, பல்லவன் காஞ்சி மதிலுக்குள் ஒடுங்கினான் என்று சாளுக்கியப் பெருமை பேசுகிறது. பல்லவர்களின் காசாக்குடிச் செப்பேடோ, மகேந்திரவர்மன் புள்ளலூரில் பகைவரை அழித்தான் என்கிறது. இரு தரப்பும் தத்தம் எழுத்தில் வென்றிருக்கின்றன. நிறுவனங்களின் வெற்றிக் கதைகளைப் படிப்பவர்கள் இந்த இரண்டு ஆவணங்களையும் அருகருகே வைத்துக்கொள்வது நல்லது.

அடுத்த முறை மயக்கமில்லை. முதலாம் நரசிம்மவர்மன் பரியாளம், மணிமங்கலம், சூரமாரம் என்ற இடங்களில் புலிகேசியை முறியடித்ததைக் கூரம் செப்பேடு சொல்கிறது. மணிமங்கலம் ஒரகடத்துக்கும் தாம்பரத்துக்கும் இடையில், ஏரியும் பழங்கோயிலுமாக இன்றும் இருக்கும் ஊர். தன் தலைநகரிலிருந்து நூற்றுக்கணக்கான மைல் தள்ளி வந்து நின்றவன் சாளுக்கியன். பல்லவனுக்குக் காஞ்சி கூப்பிடு தூரம். அங்கே தொடங்கிய துரத்தல் 642-ல் வாதாபி வீழ்ந்ததில் முடிந்தது. அப்படையை நடத்திய பரஞ்சோதிதான் பின்னாளில் சிறுத்தொண்டர் என்று பெரியபுராணம் சொல்கிறது.

அதே புள்ளலூர் 1780 செப்டம்பர் 10 அன்று இன்னொரு போரைக் கண்டது. ஆங்கில ஆவணங்கள் அதைப் பொள்ளிலூர் என்று எழுதின. கிழக்கிந்தியக் கம்பெனியின் கர்னல் பெய்லியின் படை வடக்கிலிருந்து வர, ஹெக்டர் மன்றோவின் பெரும்படை காஞ்சியில் காத்திருந்தது. இரண்டும் சேர்ந்துவிட்டால் மைசூரின் ஹைதர் அலிக்குக் கடினம். கொசஸ்தலையாற்று வெள்ளம் பெய்லியை ஒரு வாரத்துக்கு மேல் அக்கரையிலேயே நிறுத்திவைத்தது. மன்றோ காஞ்சியில் சேர்த்த கொஞ்சத் தானியத்தையும் பெரும் பீரங்கிகளையும் விட்டு நகரத் தயங்கினார். சில மைல் தொலைவில் பெய்லியின் படையை ஹைதரும் திப்புவும் சூழ்ந்து அழித்தார்கள். மன்றோ பீரங்கிகளைக் கோயில் குளத்தில் தள்ளிவிட்டுச் செங்கல்பட்டு நோக்கிப் பின்வாங்கினார்.

திப்புவின் ராக்கெட்டுகள் இந்தப் போரின் புகழ்பெற்ற பகுதி. போர் முடிவானதற்குக் காரணம் தேடினால் ஆறும் அரிசியும்தான் முன்னே நிற்கின்றன.

வலியும் காலமும்

திருக்குறளின் 48, 49, 50-ஆம் அதிகாரங்கள் வலியறிதல், காலமறிதல், இடனறிதல். வலியறிதலின் முதற்குறளே நான்கு வலிமைகளைத் தூக்கிப் பார்க்கச் சொல்கிறது: எடுத்த வேலையின் வலிமை, தன் வலிமை, மாற்றானின் வலிமை, இருவருக்கும் துணை நிற்போரின் வலிமை. நான்கில் மாற்றானுக்கு ஒரு பங்குதான். அதே அதிகாரத்துக்குள் 478-ஆம் குறள், வரவு சிறிதானாலும் செலவு அதை மீறாவிட்டால் கேடில்லை என்கிறது. போர் அதிகாரத்துக்குள் வரவு செலவுக் கணக்கை வைத்தவர் வள்ளுவர். சுன் சூவும் தன் இரண்டாம் அதிகாரத்தில் ஒரு நாள் போருக்கு ஆகும் பொன்னைத்தான் எண்ணுகிறார்.

ஹூண்டாய் மோட்டார் இந்தியா 1996 மே மாதம் பதிவாகி, 1998-ல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து சான்ட்ரோவை வெளியிட்டது. சிறு கார் சந்தையை அன்று மாருதி கையில் வைத்திருந்தது. வெளிநாட்டு நிறுவனங்கள் பலவும் அந்த மோதலைத் தவிர்த்து நடுத்தர செடான்களோடு நுழைந்தன. ஃபோர்டு எஸ்கார்ட்டோடும், டேவூ சியலோவோடும் வந்தன. ஹூண்டாய் கூட்டம் எங்கே இருந்ததோ அங்கேயே இறங்கியது. உதிரிபாகம் செய்யும் கொரிய நிறுவனங்களையும் கூடவே அழைத்து வந்து ஆலையைச் சுற்றிக் குடியமர்த்தியது. துணைவலி என்று வள்ளுவர் சொன்னதற்கு இதைவிடத் தெளிவான தொழில் உதாரணம் இந்தப் பகுதியில் இல்லை. 2024 அக்டோபரில் 27,870 கோடி ரூபாய்க்குப் பங்கு வெளியிட்டபோது, அதுவரை இந்தியா கண்ட மிகப்பெரிய பங்கு வெளியீடாக அது இருந்தது.

ஹூண்டாய் நிறுவனர் சுங் ஜூ-யுங் பற்றிக் கொரியாவில் விரும்பிச் சொல்லும் கதை ஒன்று உண்டு. கப்பல் தளம் கட்டக் கடன் தேடி 1971-ல் லண்டன் போனவர், அனுபவம் எங்கே என்று கேட்கப்பட்டபோது, 500 வான் நோட்டை எடுத்து அதிலிருந்த ஆமைக் கப்பலின் படத்தைக் காட்டினாராம். தளபதி யி சுன்-சின் 1592-ல் ஜப்பானியருக்கு எதிராகப் பயன்படுத்திய கப்பல் அது. பழைய போர் அங்கே உத்தி தரவில்லை, நம்பிக்கை வாங்கித் தந்தது. எந்தப் பயிற்சி வகுப்பிலும் வராத பயன்பாடு இது.

படையைக் குவிப்பதற்கு ராயல் என்ஃபீல்டைச் சொல்லலாம். அதன் உரிமையாளரான ஐஷர் குழுமம் பதினைந்து தொழில்கள் வைத்திருந்த காலத்தில் சித்தார்த்த லால் பதின்மூன்றை விட்டுவிட்டு மோட்டார் சைக்கிளையும் லாரியையும் மட்டும் வைத்துக்கொண்டார். திருவொற்றியூரின் பழைய ஆலையை அடுத்து ஒரகடம் ஆலை 2013-லும் வல்லம் வடகால் ஆலை 2017-லும் வந்தன. 2018-19-ல் விற்பனை 8 லட்சம் வண்டிகளைத் தாண்டியது. லான்செஸ்டர் கணக்குக்கு இது பொருந்துகிறது. ஆனால் குவிப்பது என்றால் முதலில் நிறைய விட்டுக்கொடுப்பது என்ற பாதியைப் பயிற்சியாளர்கள் சொல்வதில்லை.

பின்வாங்கலும் போர்நூல்களில் உண்டு. காலமறிதலில் வள்ளுவர் காட்டும் ஆட்டுக்கடா பாய்வதற்காகவே பின்னே செல்கிறது. மறைமலைநகரில் கார் செய்த ஃபோர்டு, பத்தாண்டுகளில் 200 கோடி டாலருக்கு மேல் இழந்துவிட்டு 2021 செப்டம்பரில் இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. 2024-ல் திரும்பி வர விருப்பக் கடிதம் கொடுத்தது. நடுவில் அந்த ஆலையை விற்காமல் வைத்திருந்தது. கடாவின் பின்வாங்கலா, தோல்வியைச் சமாளித்ததா என்பதைத் திரும்பிய பிறகு நடப்பதுதான் தீர்மானிக்கும். வேலையிழந்த தொழிலாளிக்கு இரண்டும் ஒன்றே.

நுனிக்கிளையில் நோக்கியா

கொம்பின் நுனிவரை ஏறியவன் அதையும் தாண்ட முயன்றால் உயிருக்கே முடிவு என்ற எச்சரிக்கையும் வலியறிதலில்தான் இருக்கிறது. நோக்கியாவின் ஸ்ரீபெரும்புதூர் ஆலை 2006-ல் உற்பத்தியைத் தொடங்கியது. பதினெட்டு இருபது வயதுப் பெண்கள் கம்பெனி பஸ்ஸில் வந்து ஷிப்ட் முடித்துப் போனார்கள். உலகத்துக்கே செல்போன் போன ஆலை அது. அடுத்த ஆண்டே ஐஃபோன் வந்தது, பின்னால் ஆண்ட்ராய்டு வந்தது. பொத்தான் போன் செய்யும் திறமையில் யாரும் இந்த ஆலையை வெல்லவில்லை. களம்தான் வேறிடத்துக்கு நகர்ந்துவிட்டது. 2013-லிருந்து வரித் தகராறுகள் சேர்ந்துகொண்டன. 2014 ஏப்ரலில் நோக்கியாவின் போன் தொழில் மைக்ரோசாஃப்டுக்குக் கைமாறியபோது இந்த ஆலை அந்த விற்பனையில் சேரவில்லை. நவம்பர் 1 அன்று உற்பத்தி நின்றது. அதே வளாகத்தில் நோக்கியாவை நம்பியிருந்த ஃபாக்ஸ்கான் ஆலையும் அந்த ஆண்டு டிசம்பரில் மூடியது.

தனிமனித வாழ்க்கைக்கு இந்தப் பகுதி தரும் பாடங்களில் மிகக் கடினமானது இது. எட்டு ஆண்டுகள் ஒரே லைனில் ஒரே வேலையைப் பிழையின்றிச் செய்த பெண்ணுக்கு, இருபத்தேழு வயதில் அந்தத் திறமையை வாங்க வேறு ஆளில்லை. அவள் உழைப்பிலோ ஒழுங்கிலோ குறையில்லை. தன் வலியைத் தன் நிறுவனத்தின் வலியிலிருந்து பிரித்து அளக்க யாரும் அவளுக்குச் சொல்லித் தரவில்லை. ஐடிஐ, டிப்ளமோ முடித்து இன்று ஒரகடத்துக்கு வரும் இளைஞருக்குச் சுன் சூவின் தந்திரங்களைவிட இந்த ஒரு கேள்வி பயன்படும்: இந்த கேட்டுக்கு வெளியே என் கைவேலைக்கு என்ன விலை?

நீரின் பக்கம்

அரண் அதிகாரத்தில் கோட்டைக்கு வேண்டியவற்றை எண்ணும் வள்ளுவர் நீரைத்தான் முதலில் வைக்கிறார். காஞ்சி மாவட்டம் ஏரிகளின் மாவட்டம். மணிமங்கலம், ஆதனூர் ஏரிப் பகுதிகளின் உபரிநீர்தான் அடையாறாகத் திரள்கிறது. தாழ்ந்த நிலத்தில் கூரையும் காங்கிரீட்டும் பரவியபின் மழைநீர் பழைய வழியைத் தேடும்.

2015 டிசம்பர் மழையில் ஹூண்டாய், ரெனோ–நிசான், ராயல் என்ஃபீல்டு ஆலைகள் உற்பத்தியை நிறுத்தின. பெய்லியை நிறுத்திய அதே காரணம்: ஆலைக்குள் வெள்ளம் வராவிட்டாலும் ஆளும் பொருளும் வந்து சேராவிட்டால் லைன் ஓடாது. இருப்பைக் குறைத்து, வேண்டிய நேரத்தில் வேண்டிய அளவு உதிரிபாகத்தை வரவழைக்கும் முறையில் ஒரு வெண்டரின் லாரி சிக்கினால் பிரதான ஆலையே காத்து நிற்கும். அமைதிக் காலத்தில் சிக்கனமாக இருப்பது வெள்ள காலத்தில் ஓட்டையாகிறது. எவ்வளவு கையிருப்பு வைப்பது என்பது சேனாதிபதிகளின் பழைய தலைவலி. மன்றோ அதற்குத் தந்த விடையும் தவறாகவே முடிந்தது.

படைக்குச் சோறு

படைமாட்சியில் வரும் 769-ஆம் குறளை மேலாண்மை நூல்களில் காண்பது அரிது. ஆள் தேய்ந்து குறைவது, தீராத வெறுப்பு, வறுமை ஆகிய மூன்றும் இல்லாத படை வெல்லும் என்பது அதன் கருத்து. மூன்றுமே உள்ளேயிருந்து வருபவை. உட்பகைக்கென்று வள்ளுவர் தனியாகவே ஓர் அதிகாரம் வைத்தார். உள்ளே எழும் கொந்தளிப்பு வெளியிலிருந்து வருவதைவிடக் கொடியது என்று அர்த்தசாஸ்திரமும் சொல்கிறது.

2021 டிசம்பரில், இந்தப் பகுதிக்குத் திரும்பி வந்து ஐஃபோன் செய்த ஃபாக்ஸ்கான் ஆலையின் பெண் தொழிலாளர்கள் நூற்றுக்கு மேற்பட்டோர் விடுதி உணவால் நோயுற்று மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டார்கள். அவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்ற தெளிவான செய்தி தோழிகளுக்குக் கிடைக்கவில்லை. இறந்துவிட்டார்கள் என்ற வதந்தி பரவியது. ஆயிரக்கணக்கான பெண்கள் நெடுஞ்சாலையில் அமர்ந்தார்கள். விடுதிகளும் உணவுக்கூடங்களும் தன் தரத்தில் இல்லை என்று ஆப்பிள் நிறுவனமே ஒப்புக்கொண்டு ஆலையைக் கண்காணிப்பில் வைத்தது. சில வாரம் மூடிக் கிடந்த ஆலை 2022 ஜனவரியில்தான் திறந்தது. போட்டி நிறுவனம் எதுவும் செய்ய முடியாத சேதத்தைச் சாப்பாட்டுத் தட்டு செய்தது.

சுன் சூ இங்கே தோற்கிறார். படைவீரர்களுக்குத் திட்டத்தைச் சொல்லாதே, ஆட்டுமந்தையைப் போல் இங்கும் அங்கும் ஓட்டு என்பது அவருடைய பதினோராம் அதிகாரத்தின் அறிவுரை. நெடுஞ்சாலையில் உட்கார்ந்த கூட்டத்தை உருவாக்கியதில் கெட்டுப்போன சோற்றுக்கு இருந்த பங்கு, சொல்லப்படாத செய்திக்கும் இருந்தது. கையில் செல்போன் இருக்கும் படையை மந்தையாக ஓட்ட முடியாது, அதுவும் செல்போனைச் செய்வதே அந்தப் படை என்றால்.

மூன்று ஆண்டுகளுக்குள் விடையும் வந்தது. வல்லம் வடகாலில் சிப்காட் 706.50 கோடி ரூபாயில் 18,720 பேர் தங்கும் விடுதியை 2024 ஆகஸ்டில் திறந்தது. பாசறை அமைப்பது போர்க்கலையின் பகுதி என்று சாணக்கியர் அறிந்திருந்தார். நாம் ஒரு போராட்டத்துக்குப் பிறகு அறிந்தோம்.

விடுதி திறந்த மறுமாதமே, 2024 செப்டம்பர் 9 அன்று, ஸ்ரீபெரும்புதூர் சாம்சங் ஆலையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். ஊதிய உயர்வோடு, தங்கள் சங்கத்துக்கு அங்கீகாரமும் கேட்டார்கள். ஐந்து வாரம் நீடித்து அக்டோபர் 15 அன்று முடிந்தது. சங்கம் 2025 ஜனவரியில் பதிவானது. சோறும் படுக்கையும் சரியாக இருந்தாலும் பேச ஓரிடம் வேண்டும் என்பது இதிலிருந்து தெரிகிறது. பழைய நூல்கள் எதிலும் இதற்கு விடை இல்லை. படைவீரன் சங்கம் வைப்பதை அவை கற்பனை செய்ததே இல்லை.

போர் உவமை முறியும் இடங்கள்

வேறு சில இடங்களிலும் உவமை முறிகிறது. போரில் பகைவனுக்கு ஆயுதம் செய்பவன் நமக்கும் செய்யமாட்டான். ஒரகடத்தில் ஒரே வெண்டர் இரண்டு மூன்று கார் நிறுவனங்களுக்குப் பாகம் கொடுப்பது வழக்கமான ஏற்பாடு. போட்டியாளன் முற்றிலும் அழிந்தால் வெண்டரும் அழிவான், பிறகு நம் லைனும் நிற்கும். நோக்கியா மூடியதால் அருகிலிருந்த யாரும் செழிக்கவில்லை. அது விட்டுச்சென்ற பழகிய கைகளும் சாலையும் மின்சாரமும்தான் பின்னால் செல்போன் தொழில் திரும்ப வர உதவின. ரெனோவும் நிசானும் 2010-ல் திறந்த ஒரே ஆலையில் கடையில் மோதிக்கொள்ளும் இரண்டு பெயர்களில் கார் செய்தார்கள்.

போருக்கு முடிவு உண்டு, தொழிலுக்கு இல்லை. வென்ற மறுநாளும் ஆலை கேட்டில் ஷிப்ட் பஸ் வந்து நிற்க வேண்டும். வஞ்சகம், ஒற்று, பிரித்தாளுதல் பற்றிய அதிகாரங்கள் ஒருமுறை மோதிப் பிரிபவர்களுக்குப் பயன்படலாம். ஒரே சாலையையும் துறைமுகத்தையும் தொழிலாளர் கூட்டத்தையும் முப்பது ஆண்டு பகிர்ந்துகொள்பவர்களிடையே பெயர் கெட்டால் அதை மீட்பது கடினம். இன்னொன்று: போர்நூல்கள் அரசனுக்காக எழுதப்பட்டவை. அவற்றைப் படிக்கும் ஒவ்வொருவரும் தன்னை அரசனாகவே நினைத்துக்கொள்கிறார். இந்தத் தொழில்வட்டத்தில் உழைப்பவர்களில் மிகப்பெரும்பாலோர் படைவீரர்கள், அவர்களிலும் பலர் கான்ட்ராக்ட் ஆட்கள்.

அதற்காக நூல்களை மூடிவைக்க வேண்டியதில்லை. படிக்கும் வரிசையை மாற்றினால் போதும். ஒற்றாடலையும் பகைத்திறத்தையும் பிறகு படிக்கலாம். வலியறிதலும் படைமாட்சியும் உட்பகையும் முதலில் வரட்டும். ஓர் ஆலையின் தலைவர் போட்டியாளரின் விற்பனைக் கணக்கைப் பார்ப்பதற்கு முன் தன் கேன்டீனில் சாப்பிட்டுப் பார்த்தால், தன் வெண்டரின் லாரி வரும் வழியில் மழைநாளில் போய்ப் பார்த்தால், வள்ளுவர் கேட்ட நான்கு வலிமைகளில் மூன்றை அளந்தவர் ஆவார். அந்த லைனில் நிற்பவரும் தன் வலியை அதே முறையில் அளக்கலாம். வாணிக வாகைக்கு இலக்கணம் வகுத்தவர்கள் கேட்டது வேலையில் மேம்பாடு. பகைவனின் தலையை அவர்கள் கேட்கவில்லை. இருங்காட்டுக்கோட்டை முதல் ஒரகடம் வரை கடந்த முப்பது ஆண்டுகள் அந்த இலக்கணத்தின் பக்கமே சாட்சி சொல்கின்றன.